ஆச்சுங்க மாட்டிய சக்கரம்

எந்த வேலையையும் தொடங்குவதற்கு முன்பே முடித்துவிடுகிற ஆற்றல் இந்த உலகத்தில் ஒரே ஒருவருக்குத்தான் உண்டு. அவர் கம்பைநல்லூரில், அரூர் சாலையில், டயர்க்கடை வைத்திருக்கிறார். பஞ்சரான வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் அவர் கடை முன்னால் நிறுத்தி, ஸ்டாண்டு போட்டு, நிமிர்ந்து வியர்வையைத் துடைப்பதற்குள் "ஆச்சுங்க!" என்பார். என்ன ஆச்சு என்று நமக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது. ஆனால் ஆகிவிட்டது. தாய் தகப்பன் வைத்த பெயர் ரேஷன் கார்டில் பத்திரமாக இருக்கும். ஊருக்கு அவர் 'ஆச்சுங்க'தான்.

அப்போது எனக்குக் கம்பைநல்லூரில் ஒரு புளி மண்டியில் வேலை. என் மனைவி ஸ்டெல்லாவுக்குச் சித்தேரி மலையில் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை. எங்களுடைய பழைய வேனை அவளே ஓட்டிக்கொண்டு, வழியில் இன்னும் சில டீச்சர்களையும் ஏற்றிக்கொண்டு தினமும் மலையேறி இறங்குவாள். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஓட்டுகிறவர்களுக்கு யோசனை சொல்ல மட்டும் நன்றாகத் தெரியும். மலைச்சாலை டயரைச் சோளப்பொரி மாதிரி தின்னும் என்பதால், பால்காரருக்கு அடுத்தபடியாக நாங்கள் அதிகம் பார்த்த முகம் ஆச்சுங்கவுடையது.

நல்ல பெரிய உடம்பு. மடித்துக் கட்டிய லுங்கி. காதுக்கும் தோளுக்கும் நடுவே எப்போதும் ஒரு செல்போன் சிக்கிக்கொண்டிருக்கும். கை டயரில் இருக்கும். மனசு யாரோ ஒருவருடைய போர்வெல்லில் தண்ணீர் வந்ததா வரவில்லையா என்பதில் இருக்கும். கடையில் எல்லாக் கருவியும் இருந்தது. காற்றின் அளவு பார்க்க ஒரு கேஜ்கூட உண்டு. அதன் முள் ஏதோ ஒரு நல்ல நாளில் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது. மொபெட்டுக்கு வைத்தாலும் லாரிக்கு வைத்தாலும் ஒரே அளவைக் காட்டும். "பாத்துக்கங்க, கரெக்டா இருக்குது" என்று நம்மிடமே நீட்டிக் காட்டுவார்.

ஒருமுறை பூக்கடைக்காரர் ஒருவர் முன் சக்கரம் பஞ்சர் என்று மொபெட்டைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஆச்சுங்க போனில் பேசிக்கொண்டே பின் சக்கரத்தைக் கழற்றி, டியூபை எடுத்துத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஒரு குமிழி இல்லை. சக்கரத்தைத் திரும்ப மாட்டிவிட்டு, "உங்க டியூப்புக்கு ஒன்னுமே இல்லீங்க. சும்மா பயந்துக்கிட்டீங்க. ஆச்சுங்க!" என்று வழியனுப்பி வைத்தார். பூக்கடைக்காரர் அந்த ஆறுதலோடு வண்டியை வீடுவரை தள்ளிக்கொண்டு போனார்.

டிராக்டர் கதை இதைவிடப் பெரிது. ஒரு விவசாயியின் டிராக்டரில் பெரிய டயர் மாற்றிய நாளிலிருந்து 'டொக் டொக்' என்று ஒரு சத்தம். மெக்கானிக் கியர்பாக்ஸைப் பிரித்துப் போட்டார். சத்தம் போகவில்லை. ஊர்க்கண் பட்டிருக்கும் என்று பூசணிக்காய் உடைத்தார்கள். அப்போதும் போகவில்லை. கடைசியில் டயரைக் கழற்றினால், உள்ளே முழங்கை நீளத்துக்கு ஆச்சுங்கவின் இரும்பு லீவர். அதைக் கையில் பிடித்துக்கொண்டு விவசாயி சண்டைக்கு வந்தார். ஆச்சுங்கவின் முகம் மலர்ந்துவிட்டது.

"அடடே! இதக் காணாம எங்கெங்க தேடிக்கிட்டிருந்தேன் தெரியுங்களா? மகராசனா இருக்கணும் நீங்க!" என்று லீவரை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, டீ சொன்னார். வெட்டுவேன் குத்துவேன் என்று வந்தவர் டீயைக் குடித்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார்.

வேலையில்தான் இந்த அவசரம். பூஜையில் கிடையாது. புது டயர் போட்டால் மஞ்சள், குங்குமம், சூடம், சக்கரத்துக்குச் சக்கரம் எலுமிச்சம்பழம் என்று ஒரு குறையும் இருக்காது. முதல்முறை எங்கள் வேனுக்குப் பழத்தோடு வந்தபோது, "அண்ணா, நாங்க வேதக்காரங்க. எலுமிச்சம்பழமெல்லாம் வேணாம்" என்றாள் ஸ்டெல்லா.

"அப்படிங்களா டீச்சரம்மா? செரி, மாதாவுக்குன்னு நெனச்சிக்கங்க" என்று சொல்லிக்கொண்டே நான்கையும் வைத்து முடித்துவிட்டார். பழம் நான்கும் சக்கரத்துக்கு அடியில் அச்சுப் பிசகாமல் இருந்தன. நட்டுகளிடம்தான் அந்தப் பக்தியைக் காட்டவில்லை.

கார், வேன் சக்கரத்தை மாட்டும்போது நட்டுகளை முதலில் விரலால் திருகி நிறுத்துவார்கள். பிறகு ஜாக்கியை இறக்கிவிட்டு, ஸ்பேனர் போட்டு இறுக்குவார்கள். இந்த இரண்டுக்கும் நடுவேதான் ஆச்சுங்கவுக்கு ஊர் நினைவு வரும். மாங்காய் விலை, காவிரித் தண்ணீர், யார் வீட்டுப் பெண்ணுக்கு எங்கே சம்பந்தம் என்று பேச்சு ஓடும். பேசி முடிக்கும்போது இறுக்குகிற வேலையும் முடிந்துவிட்டதாக அவருக்கே தோன்றிவிடும். வீல்கப்பைத் தட்டி மாட்டி, பானெட்டில் ஒரு அடி அடித்து "ஆச்சுங்க!" என்பார்.

கடையைத் தாண்டியதும் சாலை ஒரு வளைவு வளையும். அங்கே ஒரு புளியமரம். கடையிலிருந்து பார்த்தால் அந்த இடம் தெரியாது. முதல் தடவை ஆச்சுங்கவிடம் சக்கரம் மாட்டிக்கொண்டு அந்த வழியாகப் போனபோது, மரத்தடியில் ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டித் தன் காரின் பக்கத்தில் குந்தியிருந்தார்.

"என்னாங்க சார், வண்டி நின்னுடுச்சுங்களா?" என்றேன்.

"இல்லீங்க, சும்மா காத்து வாங்கறேன்."

கையில் ஸ்பேனர் இருந்தது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நீங்களும் எறங்கிக் கொஞ்சம் காத்து வாங்கிட்டுப் போங்க. டீச்சரு மலைக்குப் போறவங்க." பிறகு அவரே எங்கள் வேனின் நட்டுகளையும் இறுக்கித் தந்தார். ஸ்பேனர் முக்கால் சுற்றுப் போனது.

அன்றைக்குத்தான் ஊர் வழக்கம் எங்களுக்குப் புரிந்தது. ஆச்சுங்கவிடம் சக்கரம் மாட்டிய அத்தனை பேரும் அந்த வளைவில் நிற்பார்கள். டெம்போக்காரர் நிற்பார், மாப்பிள்ளைக் கார் நிற்கும், அவசரத்துக்குப் பறக்கிற ஆட்டோகூட நிற்கும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் குனிந்து இறுக்கிவிட்டுப் போய்விடுவார்கள். கடையில் ஒருவரும் மூச்சு விடமாட்டார்கள். காரணம் கேட்டால் ஒரு பழைய கதை சொல்வார்கள். எப்போதோ ஒரு லாரி டிரைவர் முகத்துக்கு நேராகக் குறை சொல்லிவிட, ஆச்சுங்க ரோஷப்பட்டுக் கடையைப் பூட்டிக்கொண்டு பாலக்கோட்டில் மாமியார் வீட்டுக்குப் போய்விட்டாராம். அந்த மழைக்காலம் முடிகிறவரை வரவில்லையாம். பஞ்சர் ஆனவர்களெல்லாம் சேற்றில் வண்டியைத் தள்ளியே செத்தார்களாம். அதிலிருந்து, கூடிப் பேசாமலே ஊர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டது.

இதன் பலன், ஆச்சுங்க தன்னை மிஞ்சிய வேலைக்காரன் ஜில்லாவிலேயே இல்லை என்று நம்பினார். "இத்தன வருஷத்துல என் கையால டயர் மாட்டுனவங்க ஒருத்தராச்சும் திரும்பி வந்து நட்டு லூசுன்னு சொல்லியிருக்காங்களா? கேட்டுப் பாருங்க" என்று சவால் விடுவார். பக்கத்தில் நிற்கும் தாசில்தார், "சான்ஸே இல்லீங்க" என்பார், கார் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டே. நம் ஜனங்களின் நல்ல குணம் இது. முதுகுக்குப் பின்னால் கிழிகிழியென்று கிழிப்போம். நேரில் பார்த்தால், "உங்கள விட்டா யாருங்க?" என்போம். பாராட்டிப் பாராட்டியே அந்த மனிதரை ஊர் கெடுத்து வைத்திருந்தது.

ஸ்டெல்லாவுக்கு மட்டும் இது பொறுக்கவில்லை. "இது என்னாங்க மரியாத? நமக்கு அந்த வளைவு தெரியும். தெரியாத வெளியூர்க்காரங்க வந்தா? ஒரு வார்த்த அவருகிட்ட சொன்னா ஆவாதா?"

"சொல்லி, கடையப் பூட்டிட்டுப் போயிட்டாருன்னா? நீ அரூர் வரைக்கும் வேனத் தள்ளிக்கிட்டுப் போவியா?" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே அச்சில் போட முடியாது.

அவள் வாய் முகூர்த்தம், அந்த வெளியூர்க்காரர்கள் ஒரு சனிக்கிழமை மத்தியானம் வந்தே விட்டார்கள். கர்நாடகா நம்பர் போட்ட கார். கணவன், மனைவி, மடியில் ஒரு கைக்குழந்தை. குழந்தைக்கு மொட்டை போடத் தீர்த்தமலைக்குப் போகிறவர்கள். வழியில் பஞ்சர். நாங்கள் காற்றுப் பிடிக்க வேனை நிறுத்திவிட்டு நின்றிருந்தோம். ஆச்சுங்கவுக்குத் தாய்வழி எல்லைப் பக்கம் என்பதால் கன்னடம் நன்றாக வரும். வெகுநாளைக்குப் பிறகு கன்னடம் பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் அவர் ஸ்டெப்னியை மாட்டிய அழகை நாங்கள் கண்ணால் பார்த்தோம். நட்டுகளை விரலால் திருகினார். குழந்தையின் பெயரைக் கேட்டார். ஜாக்கியை இறக்கினார். அந்தப் பக்கம் மழை எப்படி என்று விசாரித்தார். வீல்கப்பைத் தட்டினார். "ஆய்த்து சார், ஆய்த்து!" என்று அதே வார்த்தையைக் கன்னடத்தில் சொன்னார். கார் கிளம்பிப் போய்விட்டது.

ஸ்டெல்லா என் முகத்தைப் பார்த்தாள். நான் வானத்தைப் பார்த்தேன்.

"அண்ணா, ஸ்பேனர எடுத்துக்கிட்டு வேன்ல ஏறுங்க."

"எதுக்குங்க டீச்சரம்மா?"

"ஏறுங்கண்ணா!"

மூன்றாம் வகுப்புக் குழந்தைகளை உட்கார வைக்கும் குரல் அது. கடையைக்கூடச் சாத்தாமல் ஏறிக்கொண்டார். கார்க்காரர்கள் ஏதோ பொருளை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார்கள் என்று அவராகவே நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. வளைவில் காரைக் காணோம். ஸ்டெல்லா வேனை விரட்டிய விரட்டில் எனக்கு ஜெபமாலை ஞாபகம் வந்துவிட்டது. ஆச்சுங்க பின்சீட்டில் நிம்மதியாக உட்கார்ந்து, மாங்காய் விலையைப் பற்றி யாரிடமோ போனில் பேசிக்கொண்டு வந்தார்.

அரூருக்கு முன்னாலேயே அந்தக் கார் சாலையோரத்தில் சாய்ந்து நின்றது. வண்டி ஆட ஆரம்பித்ததுமே ஓட்டியவர் சுதாரித்து ஓரங்கட்டியிருக்கிறார். பிழைத்தது அதனால்தான். இரண்டு நட்டு எங்கே விழுந்ததோ தெரியவில்லை. மீதி இரண்டும் விழப்போகிற நிலையில் தொங்கிக்கொண்டிருந்தன. வீல்கப் மரவள்ளிக் காட்டுக்குள் உருண்டு கிடந்தது. அந்தப் பெண் குழந்தையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு ஒரு வேப்பமரத்தடியில் நின்றாள். வளைவு வளைவு என்று நாங்களெல்லாம் கமுக்கமாகச் சிரித்துக்கொண்டிருந்த விஷயம் இதுதான்.

அந்த மனிதர் ஆச்சுங்கவைப் பார்த்ததும் பாய்ந்து வந்தார். கன்னடத்தில் திட்டினார். எனக்குப் பாதிதான் புரிந்தது. ஆச்சுங்கவுக்கு முழுதும் புரிந்தது. சட்டையைப் பிடித்து உலுக்கியபோதும் கையைத் தட்டிவிடவில்லை. பாக்கெட்டில் போன் அடித்தது, அதையும் எடுக்கவில்லை. குழந்தையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஜாக்கியை வைத்து, மற்ற சக்கரங்களில் இரண்டிலிருந்து ஆளுக்கொரு நட்டாகக் கடன் வாங்கி, அந்தச் சக்கரத்தை மாட்டி இறுக்கினார். ஸ்பேனர் கிறீச்சிடும்வரை இறுக்கினார். பிறகு எல்லாச் சக்கரங்களையும் சுற்றி வந்து இன்னொரு தடவை இறுக்கினார். முடித்து எழுந்தவர் ஒன்றுமே சொல்லவில்லை. வேலை முடிந்ததா இல்லையா என்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. நான்தான் மெதுவாக, "ஆச்சுங்களா?" என்று கேட்டேன். ஸ்டெல்லா என் காலை மிதித்தாள்.

திரும்பும்போது அவள் புளியமரத்தடியில் வேனை நிறுத்தினாள். ஒரு டெம்போக்காரரும் நம் தாசில்தாரும் அங்கே குனிந்து வேலையாக இருந்தார்கள். இருவருமே காலையில் ஆச்சுங்கவிடம் விட்டுப்போன வண்டியை இப்போதுதான் எடுத்துக்கொண்டு வந்தவர்கள்.

"பாத்துக்கங்கண்ணா. ஊரே இங்க வந்துதான் இறுக்கிக்குது. உங்க மனசு நோவக் கூடாதுன்னு ஒருத்தரும் சொல்லல. நானும் சொல்லல. அந்தக் கொழந்தைக்கு ஏதாச்சும் ஆயிருந்தா, நம்ம எல்லாரு மேலயும் பாவம்."

தாசில்தார் ஸ்பேனரை வேட்டிக்குள் மறைக்கப் பார்த்தார். அது மறைகிற சாமானா? "சும்மா காத்து வாங்கலாம்னு…" என்று இழுத்தார். ஆச்சுங்க அவர் கையிலிருந்து ஸ்பேனரை வாங்கினார். தாசில்தார் காரின் நட்டுகளை ஒவ்வொன்றாக அவரே இறுக்கினார். திருப்பிக் கொடுக்கும்போது, "இத்தன வருஷமா என்ன பைத்தியக்காரனாக்கிட்டீங்களே, சார்" என்று மட்டும் சொன்னார். கடைக்கு நடந்தே போனார்.

மறுநாளிலிருந்து கடை பூட்டு. ஊருக்கு வந்த கோபம் முழுக்க ஸ்டெல்லா மேல். "டீச்சரு வாய வச்சிக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்" என்றார்கள். பஞ்சரான வண்டிகளை வேண்டுமென்றே எங்கள் வீட்டு வழியாகத் தள்ளிக்கொண்டு போய், வாசலில் நின்று பெருமூச்சு விட்டார்கள். தாசில்தார் தெருவில் எங்களைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் போனார். குழந்தை பிழைத்ததைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. காற்றுப் பிடிக்க ஆளில்லை என்பதுதான் அவர்களுக்குப் பெரிய துக்கம்.

ஒரு சாயங்காலம் ஆச்சுங்க எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை.

"டீச்சரம்மா, உண்மையச் சொல்லுங்க. நான் அவ்வளவு மோசமான வேலக்காரனுங்களா?"

நான் கண்ணால் ஜாடை காட்டினேன். ஸ்டெல்லா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஆமாண்ணா. வேல தெரியும் உங்களுக்கு. கவனம் சுத்தமா கெடையாது. பேச ஆரம்பிச்சா உலகமே மறந்துபோவுது" என்று ஆரம்பித்து, பின் சக்கரம், கேஜ் முள், டிராக்டர் லீவர் என்று ஒன்று விடாமல் திட்டித் தீர்த்தாள். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். முடிந்ததும், "ஊர்ல எல்லாரும் என்ன கொழந்த மாதிரி வச்சிருந்தாங்க. நீங்கதான் ஒரு மனுஷனா மதிச்சித் திட்டியிருக்கீங்க" என்றார். ஸ்டெல்லா காபி போடுகிற சாக்கில் உள்ளே போய்விட்டாள்.

கடை திறந்தது. ஆள் அடியோடு திருந்திவிட்டார் என்று எழுதினால் எனக்கு நரகம்தான். பேச்சு குறையவில்லை; போனும் தோளிலிருந்து இறங்கவில்லை. புதிதாக ஒரு ஏற்பாடு மட்டும் செய்துகொண்டார். சக்கரத்தை மாட்டியதும் ஸ்பேனரோடு அவரும் அதே வண்டியில் ஏறி வளைவுவரை வருவார். கடையில் ஆள் வந்து பேச்சுக் கொடுத்தால் மறந்துவிடுகிறதாம். புளியமரத்தடியில் பேச்சுத் துணை இல்லையாம். போனைக் கடையிலேயே வைத்துவிட்டு வருவார். அங்கே இறங்கி எல்லா நட்டையும் இறுக்கிவிட்டு, வேகாத வெயிலில் நடந்தே கடைக்குத் திரும்புவார். மலையிலிருந்து இறங்கும் ஸ்டெல்லா அந்த வழியாக வரும்போது நிறுத்தி, ஒரு நட்டை அசைத்துப் பார்த்து, லூசாக இருந்தால் நடுரோட்டிலேயே திட்டுவாள். அவரும் கையைக் கட்டிக்கொண்டு நின்று கேட்டுக்கொள்வார்.

பிறகு அவளுக்குத் தருமபுரிக்கு மாற்றல் வந்தது. சாமான் ஏற்றும்போது வந்து நின்றார். லாரிக்குக் கீழே குனிந்து ஒவ்வொரு சக்கரமாகத் தட்டிப் பார்த்துவிட்டு, "நீங்க போயிட்டா இனிமே என்ன யாருங்க திட்டுவாங்க?" என்றார். ஸ்டெல்லா தன் போன் நம்பரை எழுதிக் கொடுத்தாள்.

தருமபுரியில் நாங்கள் போன டயர்க்கடைக்குக் கண்ணாடிக் கதவு, ஏசி, சோபா எல்லாம் உண்டு. எல்லாம் கம்ப்யூட்டர். கலர் கலராக ஒரு ரிப்போர்ட் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒரு வால்வுக்கு மூடியே இல்லை. ஸ்டெப்னியில் காற்றும் இல்லை. ஸ்டெல்லா திரும்பிப் போய் நன்றாகக் கொடுத்தாள். டை கட்டியவர் புன்னகை மாறாமல் கேட்டுவிட்டு, "தேங்க்யூ மேடம். ஃபைவ் ஸ்டார் ரேட்டிங் மட்டும் போட்டுடுங்க" என்றார். அவரைத் திட்டுவதும் சுவரைத் திட்டுவதும் ஒன்றுதான்.

ஆச்சுங்க ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோ காலில் வருவார். ஏதாவது ஒரு வண்டியின் சக்கரத்துக்குப் பக்கத்தில் போனைப் பிடித்துக்கொண்டு, "தெரியுதுங்களா டீச்சரம்மா?" என்பார். இவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "அந்த மேல் நட்ட அசைங்க. அதான் பாத்தேன்! என்னாண்ணா இது?" என்று தொடங்குவாள். வண்டிக்காரர் பின்னால் பாவமாக நின்றுகொண்டிருப்பார்.

போன ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்து, சாப்பிட்டு, சாயங்காலம் ஆகியும் அழைப்பு வரவில்லை. ஸ்டெல்லா போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள்.

"நீயே கூப்புடேன்" என்றேன்.

"நான் எதுக்குக் கூப்புடணும்? தப்பு பண்றது அவரு" என்றாள். அப்புறம் அவளேதான் கூப்பிட்டாள்.

ஆச்சுங்க காய்ச்சலில் படுத்திருந்தார். கடை திறக்கவில்லை. திட்டுவதற்கு நட்டு எதுவும் கைவசம் இல்லாததால், மாத்திரை போடாததற்குத் திட்டினாள். கஞ்சி குடிக்காததற்குத் திட்டினாள். ஆஸ்பத்திரிக்குப் போகாததற்கு வேறு தனியாகத் திட்டினாள். "செரிங்க டீச்சரம்மா… செரிங்க" என்று அந்தப் பெரிய உடம்புக்காரரின் குரல் நூல் மாதிரி வந்தது.

போனை வைத்துவிட்டு அவள் என் பக்கம் திரும்பியபோது, நான் வேன் சாவியோடு வாசலில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கும் அந்த மனிதரை உடனே பார்க்க வேண்டும்போல இருந்தது.